வாக்குத்தத்த அட்டையும் எலுமிச்சம்பழமும்

வெள்ளிக்கிழமை காலை 11.20. வாசலில் கார் நிற்கிறது. தம்பிக்குப் பெண் பார்க்கப் போகிறோம். எல்லாரும் ஏறியாயிற்று, அத்தை மட்டும் திண்ணையை விட்டு எழுந்திருக்கவில்லை. அத்தை லேசுப்பட்ட ஆள் இல்லை. சங்கீதம் 119-இன் 176 வசனங்களையும் பார்க்காமல் சொல்வார். சண்டே ஸ்கூலில் ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேருக்குப் பாடம் எடுத்தவர்.

"பன்னிரண்டு ஆகட்டும், போகலாம்."

"ராகு காலமா அத்தை?"

"சேச்சே. வெயிலா இருக்குல்ல, கொஞ்சம் தாழட்டும்."

பன்னிரண்டு மணிக்கு வெயில் தாழ்ந்த ஊர் எது என்று யாரும் கேட்கவில்லை. கிறிஸ்தவ வீடுகளில் மூடநம்பிக்கை பெரும்பாலும் இப்படித்தான் குடியிருக்கிறது, வேறு பெயரில். எலுமிச்சம்பழமும் மிளகாயும் வாசலில் தொங்காது. ஆனால் அவை தொங்கிய ஆணி அப்படியே இருக்கும், அதில் வேறு ஏதோ தொங்கும்.

தமிழில் ஒரு சிக்கல் உண்டு. மூடநம்பிக்கை என்ற சொல்லுக்குள்ளேயே நம்பிக்கை உட்கார்ந்திருக்கிறது. பழைய தமிழ் வேதாகமத்தில் வளர்ந்தவர்களுக்கு இது அவ்வளவாக உறுத்தாது. அவர்களுக்கு விசுவாசம் வேறு, நம்பிக்கை வேறு. 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்போ, விசுவாசம் என்று இருந்த இடத்தில் நம்பிக்கை என்றே போட்டுவிட்டது. அதனால் "உங்கள் நம்பிக்கையும் மூடநம்பிக்கைதானே?" என்று ஒருவர் கேட்டால் கோபப்பட ஒன்றும் இல்லை. அது பழைய கேள்விதான். கி.பி. 112 வாக்கில், இன்றைய துருக்கியின் வடபகுதியில் இருந்த பித்தினியாவை ஆண்ட பிளினி, ரோமப் பேரரசர் திராயானுக்கு எழுதிய கடிதத்தில் கிறிஸ்தவத்தையே வரம்பு மீறிய மூடநம்பிக்கை என்றுதான் சொல்கிறார்.

கடவுள் உண்டா இல்லையா என்ற வழக்கை நான் இங்கே எடுக்கப்போவதில்லை. கிறிஸ்தவம் தன் சொந்த அளவுகோலை வைத்து எதை மூடநம்பிக்கை என்கிறது என்பது மட்டும்தான் பேச்சு. அந்த அளவுகோலே பலருக்குத் தெரிவதில்லை. பூனை குறுக்கே போனால் திரும்புவது மூடநம்பிக்கை, வேதாகமத்தைத் தலையணைக்கு அடியில் வைப்பது பக்தி என்று பொருளை வைத்துப் பிரித்துவிடுகிறோம். அப்படிப் பிரிக்க முடியாது.

மோட்டாரும் அம்மாவும்

வீட்டில் இரண்டு விதமாகத் தண்ணீர் கிடைக்கும். மோட்டார் சுவிட்சைப் போட்டால் தொட்டிக்குத் தண்ணீர் ஏறும். அம்மாவிடம் கேட்டால் ஒரு சொம்பு கொண்டுவந்து தருவார். மோட்டாருக்கு மனசு கிடையாது. சுவிட்சைச் சரியாகப் போட்டால் ஏறியாகவேண்டும், ஏறவில்லையென்றால் எங்கோ கோளாறு. அம்மா அப்படி இல்லை. "இப்போதானே வெயிலில் இருந்து வந்தே, கொஞ்சம் பொறு" என்பார். சளி பிடித்திருந்தால் குளிர்ந்த தண்ணீர் கேட்டாலும் வெந்நீர்தான் வரும்.

கடவுளை மோட்டாராக நினைத்துக் கையாள்வதுதான் கிறிஸ்தவப் பார்வையில் மூடநம்பிக்கை. இந்தச் சொல், இந்தப் பொருள், இந்த எண்ணிக்கை, இந்த நேரம். சரியாகச் செய்தால் பலன் வந்தே தீரவேண்டும். விசுவாசம் என்பது மறுக்கவும் உரிமை உள்ள ஒருவரிடம் கேட்பது. கத்தோலிக்கத் திருச்சபை 1992-இல் வெளியிட்ட மறைக்கல்வி நூலும் ஏறத்தாழ இதைத்தான் சொல்கிறது: மனநிலையைப் பற்றிக் கவலைப்படாமல், வெளிச்செயலைச் செய்துவிட்டாலே ஜெபம் பலித்துவிடும் என்று எண்ணுவது மூடநம்பிக்கை. கவனியுங்கள், அது பேசுவது பூனையைப் பற்றி அல்ல, ஜெபத்தைப் பற்றி.

இதற்கு வேதாகமத்திலேயே நல்ல சாட்சி உண்டு. 1 சாமுவேல் 4-ஆம் அதிகாரம். பெலிஸ்தரோடு நடந்த போரில் இஸ்ரவேலர் சுமார் 4,000 பேரை இழக்கிறார்கள். மூப்பர்கள் கூடிப் பேசி, சீலோவில் இருந்து, பத்துக் கட்டளைக் கற்பலகைகள் இருந்த உடன்படிக்கைப் பெட்டியைக் கொண்டுவந்தால் அது நம்மைக் காப்பாற்றும் என்று முடிவு செய்கிறார்கள். பெட்டி பாளயத்துக்குள் வந்ததும் பூமி அதிரும்படி ஆரவாரம். மறுபடி போர். இந்தத் தடவை 30,000 பேர் விழுகிறார்கள், பெட்டியும் பிடிபட்டுப் போகிறது. பெட்டி பரிசுத்தமானதுதான், அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அதைத் தாயத்தாகத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

மோசே செய்த வெண்கலச் சர்ப்பத்தின் கதையும் அப்படியே. வனாந்தரத்தில் பாம்பு கடித்தவர்கள் அதை நோக்கிப் பார்த்துப் பிழைத்தார்கள். கடவுள் சொல்லிச் செய்த பொருள். பல நூற்றாண்டு கழித்து ஜனங்கள் அதற்குத் தூபம் காட்டிக்கொண்டிருந்தபோது எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட்டு, நிகுஸ்தான் என்று பெயரும் வைத்தார். வெறும் வெண்கலத் துண்டு என்பது போன்ற பெயர். இன்று ஒரு பழைய கோவிலில் இப்படி யாராவது செய்தால் சபைக் கமிட்டி சும்மா விடுமா?

ஆனால் என்னை எப்போதும் நிறுத்தி யோசிக்கவைப்பது சங்கீதம் 91. கதவுக்கு மேலே ஒட்டுவது, கார் கண்ணாடியில் எழுதுவது, பிள்ளை பரீட்சைக்குப் போகும்போது சொல்லி அனுப்புவது எல்லாம் அதுதான். பாதுகாப்புக்கென்றே எழுதியது போன்ற சங்கீதம். அதிலிருந்து இரண்டு வசனங்களை எடுத்து ஒருவன் இயேசுவிடமே சொல்கிறான்: தேவாலயத்து உச்சியில் இருந்து குதி, தூதர்கள் உன்னைத் தாங்குவார்கள் என்று எழுதியிருக்கிறதே! சொன்னவன் சாத்தான். மத்தேயு 4-இல் இருக்கிறது. வசனம் சரி, மேற்கோளும் சரி. அதை சுவிட்சாக்கிப் போட்டுக் காட்டச் சொன்னான். இயேசு போடவில்லை.

நம் வீட்டுச் சமாச்சாரங்கள்

டிசம்பர் 31, இரவு ஆராதனை. பன்னிரண்டு அடிக்கப்போகிறது. தட்டில், வரும் வருஷத்துக்கென்று ஆளுக்கொரு வேத வசனம் அச்சடித்த சின்னச் சின்ன வாக்குத்தத்த அட்டைகள் சுற்றிவருகின்றன. ஆளுக்கு ஒன்று. கண்ணை மூடி எடுத்து, செல்போன் வெளிச்சத்தில் படிப்பார்கள். ஒருமுறை எனக்குப் பக்கத்தில் இருந்த பையன் எடுத்ததைப் படித்துவிட்டு, தட்டு நகர்வதற்குள் அதைத் திரும்ப வைத்து வேறொன்று எடுத்தான். முதலில் வந்தது 'பொறுமை' பற்றிய வசனமாம். அந்த வருஷம் அவனுக்கு வெளிநாட்டு விசா வரவேண்டியிருந்தது.

அந்தத் தட்டில் கெட்ட அட்டையே இருக்காது என்பதையும் சொல்லவேண்டும். "நீ மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்குத் திரும்புவாய்" என்று யாருக்கும் வருவதில்லை. நிறையப் பேர் கைக்கு வருவது எரேமியா 29:11, எதிர்காலத்தையும் நம்பிக்கையையும் பற்றியது. அழகான வசனம்தான். அதற்கு முந்தின வசனத்தையும் அட்டையில் போட்டால் தெரியும்: பாபிலோனில் 70 வருஷம் கழிந்த பிறகுதான் உங்களைத் திரும்பக் கூட்டிவருவேன் என்கிறார். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். அதை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பியிருக்க மாட்டார்கள்.

அட்டை எடுப்பதே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். வருஷம் முழுக்க ஒரு வசனத்தை மனதில் போட்டு அசைபோடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நல்லது வரும்வரை மாற்றி மாற்றி எடுத்தால் அது கிளி ஜோசியம். கிளிக்காவது ஒரு நெல் கிடைக்கிறது.

வேதாகமத்தைக் கண்ணை மூடித் திறந்து, விரல் பட்ட வசனத்தைப் பதிலாக எடுத்துக்கொள்வதும் இந்தக் குடும்பம்தான். இதற்குப் பழைய திருச்சபையின் பெரிய அறிஞர் அகுஸ்தீனைச் சாட்சிக்கு இழுப்பார்கள். 386-இல் மிலான் நகரத் தோட்டத்தில் ஒரு பிள்ளைக்குரல் "எடுத்து வாசி" என்று பாடுவதைக் கேட்டு, பவுலின் நிருபத்தைத் திறந்து, கண்ணில் பட்ட பகுதியைப் படித்து மனம் மாறினார். உண்மைதான். அதே அகுஸ்தீன் பிற்காலத்தில் எழுதிய கடிதம் ஒன்றில், உலகக் காரியங்களுக்குச் சுவிசேஷத்தைத் திறந்து குறி பார்க்கும் வழக்கம் தனக்குப் பிடிக்கவில்லை என்கிறார். அவர் ஒரு முறை வாசித்துத் தன் வாழ்க்கையை மாற்றிக்கொண்டார். நாம் எந்த மனையை வாங்குவது என்று கேட்கிறோம்.

சீட்டுப் போடுவதும் உண்டு. வரன் விஷயத்தில் 'ஆம்', 'இல்லை' என்று எழுதி வேதாகமத்துக்குள் வைத்து ஜெபித்து எடுக்கும் குடும்பங்களை எனக்குத் தெரியும். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசின் இடத்துக்கு மத்தியாவை அப்போஸ்தலர்கள் சீட்டுப் போட்டுத்தானே எடுத்தார்கள் என்பார்கள். மெதடிஸ்ட் சபைக்கு மூலவரான ஜான் வெஸ்லியும் 1737-இல் அமெரிக்காவின் சவானாவில் இருந்தபோது, சோஃபி என்ற பெண்ணை மணப்பதா வேண்டாமா என்று சீட்டுப் போட்டுப் பார்த்தார். 'இனி நினைக்காதே' என்று வந்தது. அந்தப் பெண் கொஞ்ச நாளில் வேறொருவரை மணந்துகொண்டார். அப்புறம் வெஸ்லி அவருக்கு நற்கருணை கொடுக்க மறுத்து, வழக்காகி, அந்த வருஷமே ஊரை விட்டுக் கிளம்பவேண்டிவந்தது. சீட்டு முடிவைச் சொன்னது, மனசை ஆற்றவில்லை.

ஜெப எண்ணெய்க்கு வருவோம். நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிப்பது யாக்கோபு நிருபத்தில் உள்ள வழக்கம். அங்கே சபை மூப்பர்கள் நோயாளியின் வீட்டுக்கு வருகிறார்கள், கூட உட்கார்ந்து ஜெபிக்கிறார்கள். ஆள் வருவதுதான் அதில் பெரிது. இப்போது ஆளைக் கழித்துவிட்டு எண்ணெயை மட்டும் புட்டியில் அடைத்துக் கொடுக்கிறார்கள். எங்கள் அடுக்களை அலமாரியில் அப்படி ஒன்று பல வருஷம் கிடந்தது. மூடியில் தூசி, அடியில் மஞ்சளாகப் பிசுக்கு. சிக்குவாடை வந்த பிறகும் அம்மாவுக்கு அதைக் கொட்ட மனசு வரவில்லை. "என்னமோ, இருந்துட்டுப் போகட்டும்" என்பார். அந்த "என்னமோ"வில்தான் எல்லாம் இருக்கிறது.

தொடர் கடிதங்கள் இன்னொன்று. அந்தோனியார் பேரால் அஞ்சலட்டை வரும். இத்தனை பேருக்கு எழுதினால் நல்ல செய்தி, கிழித்துப் போட்டவருக்கு இன்ன கேடு. பரீட்சை நேரத்தில் ராத்திரி உட்கார்ந்து அட்டை எழுதிய பிள்ளைகள் உண்டு. இப்போது வாட்ஸப்பில் "ஆமென் என்று போடுங்கள், பத்துப் பேருக்கு அனுப்புங்கள்" என்று வருகிறது. தபால் செலவு மட்டும் மிச்சம்.

"இயேசுவின் நாமத்தில்" என்ற வார்த்தையையே மந்திரமாக்கிவிடலாம். அப்போஸ்தலர் 19-இல் ஸ்கேவாவின் ஏழு குமாரர்கள் அதைத்தான் செய்தார்கள். பவுல் சொல்வதைக் கேட்டு, அந்தப் பெயரை வைத்து ஆவி ஓட்டப் பார்த்தார்கள். ஆவி திருப்பிக் கேட்டது: இயேசுவைத் தெரியும், பவுலைத் தெரியும், நீங்கள் யார்? காயப்பட்டு, உடுதுணி இல்லாமல் ஓடினார்கள். வேதாகமத்தில் சிரிப்பு வரும் இடங்கள் குறைவு, இது ஒன்று.

திருஷ்டிப் பொட்டு, ஜாதகம்

இதெல்லாம் நம் மண்ணின் குறை, இந்து வீடுகளில் இருந்து ஒட்டிக்கொண்டது என்று பேசுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு நான்காம் நூற்றாண்டில் அந்தியோகியாவில் பிரசங்கம் செய்த யோவான் கிறிசோஸ்தோமை அறிமுகப்படுத்தவேண்டும். அவர் சபையார்மேல் கோபப்பட்டுச் சொல்கிறார்: செவிலியரும் வேலைக்காரப் பெண்களும் குளிப்பிடத்தில் இருந்து மண்ணை விரலால் தொட்டுக் குழந்தையின் நெற்றியில் வைக்கிறார்கள், எதற்கு என்றால் கண்ணேறு படாமல் இருக்க என்கிறார்கள். கையில் சிவப்பு நூல், மணி. படித்தபோது எனக்கு எங்கள் தெருதான் ஞாபகம் வந்தது. மண்ணுக்குப் பதில் மை, அவ்வளவுதான்.

அகுஸ்தீனும் தன் காலத்து ரோமர்களைக் கிண்டல் செய்திருக்கிறார். செருப்புப் போடும்போது யாராவது தும்மினால் திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்வார்களாம். எலி துணியைக் கடித்துவிட்டால், போன துணியைப் பற்றிக் கவலை இல்லை, வரப்போகும் கேட்டை நினைத்துத்தான் நடுக்கம். அங்கே கேட்டோ என்ற பழைய ரோமரின் பதிலையும் சேர்த்துச் சொல்கிறார்: எலி செருப்பைக் கடித்ததில் என்ன அதிசயம், செருப்பு எலியைக் கடித்திருந்தால் அல்லவா பயப்படவேண்டும்!

ஜாதகத்தை அகுஸ்தீன் இளவயதில் தானே நம்பியவர். அதிலிருந்து அவரை வெளியே கொண்டுவந்தது ஒரு நண்பர் சொன்ன குடும்பக் கதை. அந்த நண்பர் பிறந்த அதே நொடியில் இன்னொரு வீட்டு அடிமைப் பெண்ணுக்கும் குழந்தை பிறந்தது. இரண்டு வீட்டுக்காரர்களும் ஜோசியப் பித்து. நேரத்தைத் துல்லியமாகக் குறித்து ஆள் அனுப்பிச் சொல்லிக்கொண்டார்கள். ஒரே கட்டம், ஒரே கிரகம். ஒருவர் செல்வமும் பதவியுமாக வளர்ந்தார். மற்றவர் அடிமையாகவே இருந்தார். ஜாதகம் பார்த்துச் சொல்வதென்றால் முதலில் பிறந்த வீட்டைப் பார்க்கவேண்டும் என்று அகுஸ்தீனுக்குப் புரிந்தது. ஏசாவும் யாக்கோபும் இரட்டையர்தானே என்றும் கேட்டுக்கொண்டார்.

ராகு காலத்துக்கும் இங்கேயே ஒரு வார்த்தை. பஞ்சாங்கப்படி வெள்ளிக்கிழமை 10.30 முதல் 12 வரை ராகு காலம், பிற்பகல் 3 முதல் 4.30 வரை எமகண்டம். இயேசு சிலுவையில் உயிர்விட்டது வெள்ளிக்கிழமை ஒன்பதாம் மணி நேரம். நம் கணக்கில் 3 மணி. உலகத்துக்கு மீட்பு வந்த நேரம் என்று கிறிஸ்தவர்கள் சொல்வது அதைத்தான். அத்தையிடம் இதை ஒருநாள் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீ ரொம்பப் படிக்கே" என்றார்.

கத்தோலிக்கர் - சீர்திருத்தச் சபையார் சண்டை இதில் வேண்டாம். வேளாங்கண்ணியில் தொட்டில் கட்டுவதையும் மொட்டை போடுவதையும் பார்த்து ஒரு பக்கம் முகம் சுளிக்கும். அந்தப் பக்கம் முகம் சுளிக்க இவர்களிடமும் அட்டையும் எண்ணெயும் இருக்கின்றன. தொட்டில் கட்டும் ஒருத்தி பேச ஆளில்லாமல் அழுதுகொண்டு தாயிடம் கேட்கலாம். பக்கத்தில் இன்னொருத்தி பாக்கியைக் கட்டிவிட்டு ரசீதை எதிர்பார்க்கலாம். இரண்டும் ஒரே கயிறு, ஒரே முடிச்சு. வெளியில் இருந்து பார்த்து நமக்கு எப்படித் தெரியும்?

நமக்கு நாமே கேட்டுக்கொள்ள ஒரு கேள்வி உண்டு: கேட்டது நடக்காவிட்டால்? தானியேல் புத்தகத்தில் அக்கினிச் சூளைக்கு முன்னால் நிற்கும் மூன்று வாலிபர்கள் சொல்கிறார்கள்: எங்கள் தேவன் விடுவிக்க வல்லவர்; விடுவிக்காமற்போனாலும் சிலையை வணங்கமாட்டோம். அந்த 'போனாலும்' தாயத்துக்குக் கிடையாது. தாயத்து தவறினால், கட்டியது சரியில்லை, வேறு கட்டவேண்டும்.

பழி யார் மேல்?

அட்டையும் புட்டியும் பெரும்பாலும் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். சிரிக்க முடியாத இடம் ஒன்று இருக்கிறது. சுவிட்ச் போட்டும் தண்ணீர் ஏறவில்லையென்றால் கோளாறு எங்கோ இருக்கவேண்டும் அல்லவா? அந்தக் கோளாறு கடைசியில் ஒரு மனிதர் தலையில் விழுகிறது. மருமகள் வந்த நேரம் சரியில்லை. உனக்கு விசுவாசம் போதவில்லை, அதனால்தான் புற்றுநோய் ஆறவில்லை. உங்கள் பாட்டன் செய்த பாவம், பரம்பரைச் சாபம். வலிப்பு வந்த பிள்ளையை மருத்துவரிடம் காட்டாமல் பேய் என்று ஊர் ஊராக இழுத்துக்கொண்டு போவதும் இதன் தொடர்ச்சிதான்.

பிறவிக் குருடனைப் பார்த்துச் சீஷர்கள் கேட்கிறார்கள்: யார் செய்த பாவம், இவனா, இவனைப் பெற்றவர்களா? இயேசு இரண்டும் இல்லை என்கிறார். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோதும், அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களா, இல்லை என்கிறார். பிதாக்கள் திராட்சக்காய் தின்ன, பிள்ளைகளின் பல் கூசுகிறது என்று ஒரு பழமொழி இருந்தது. இனி அதைச் சொல்லக்கூடாது என்று எசேக்கியேல் 18-இல் கடவுளே தடை போடுகிறார். பரம்பரைச் சாபம் முறிக்கக் கூட்டம் போடுகிறவர்கள் அந்த அதிகாரத்தை ஏனோ வாசிப்பதில்லை.

பில்லி சூனியம் பொய் என்று சொல்வதா, அதன் பக்கம் போகாதே என்று மட்டும் சொல்வதா என்பதில் கிறிஸ்தவர்களுக்குள்ளே ஒரே பேச்சு இல்லை. வேதாகமம் தீய சக்தி இல்லை என்று சொல்வதில்லை. குறி சொல்லுதல், நாள் பார்த்தல், அஞ்சனம் பார்த்தல் எல்லாவற்றையும் உபாகமம் 18-இல் வரிசையாக விலக்குகிறது, அவ்வளவுதான். அதனால் செய்வினைப் பயம் விசுவாசிகளுக்கும் இருக்கிறது. அந்தப் பயத்தை ஆற்றுகிற போதகரும் உண்டு, அதை வளர்த்துக் காணிக்கை எடுக்கிறவரும் உண்டு. உங்களுக்கு யாரோ வைத்திருக்கிறார்கள் என்று ஒரு பெயரைச் சுட்டிவிட்டுப் போகிறவர், அத்தோடு இரண்டு குடும்பத்தைப் பிரித்துவிட்டுப் போகிறார்.

சரி, வீட்டில் பெரியவர்கள் நேரம் பார்த்தால் என்ன செய்வது? பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை நான் பிடித்துக்கொள்வேன். விக்கிரகத்துக்குப் படைத்த உணவைப் பற்றிய சண்டை அது. விக்கிரகம் ஒன்றுமில்லை என்று தெரியும், ஆனாலும் உன் அறிவால் பலவீனமான சகோதரனை இடறவிடாதே என்கிறார். அத்தைக்காக நாற்பது நிமிஷம் காரில் உட்கார்ந்திருப்பதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. ஒரு ஆளை ஒதுக்கிவைக்கச் சொல்கிற இடத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

தம்பி கல்யாணத்தில் அது வந்தது. பெரியப்பா தவறி மூன்று வருஷம். பெரியம்மா கோவிலில் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். யாரும் போகச் சொல்லவில்லை, அவராகவே போனார். தாலித் தட்டைப் பெரியம்மா கொண்டுவரட்டும் என்று கல்யாணப் பெண் சொல்லிவிட்டாள். எங்கள் வரிசையில் ஒரு முனகல். பெரியம்மா எழுந்திருக்கவில்லை, தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

அத்தைதான் எழுந்து போனார். என்ன பேசினாரோ, கையைப் பிடித்துக் கூட்டிவந்து தட்டைக் கொடுத்து முன்னால் விட்டார். அன்றைக்கும் வெள்ளிக்கிழமை. ஒன்பதரைக்குத் தொடங்கவேண்டிய ஆராதனை, பெண் வீட்டுக் கார் வழியில் மாட்டிக்கொண்டதால் ஒரு மணி நேரம் தள்ளிப்போயிருந்தது. பெரியம்மா தட்டை நீட்டும்போது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். 10.50. அத்தையும் நிமிர்ந்து பார்த்தார். பிறகு பாட்டுப்புத்தகத்தைத் திறந்து பக்கத்தைத் தேட ஆரம்பித்தார்.